அரை நொடி இருட்டு: வீட்டுக் கணினிக்கு எந்த யூ.பி.எஸ்.?

மின்விசிறியின் வேகம் குறைவதற்குள் கரண்ட் திரும்பி வந்துவிடுகிறது. டியூப்லைட் ஒருமுறை சிமிட்டியதைப் பார்த்தவர்கள்கூட அதை மின்தடை என்று சொல்ல மாட்டார்கள். மேசைக் கணினி மட்டும் அதற்குள் அணைந்து, மறுபடி முதலிலிருந்து எழுந்துகொண்டிருக்கும். பாதி அடித்த கடிதம், சேமிக்காத கணக்கு, கடைசிப் பக்கம் வரை நிரப்பிய தேர்வு விண்ணப்பம் எல்லாம் போயிருக்கும். ரூட்டரும் சேர்ந்து அணைந்திருக்கும். அது விழித்து, விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, இணையம் வந்து சேர இன்னும் இரண்டு மூன்று நிமிடம் ஆகும்.

தமிழ்நாட்டு வீடுகளில் இன்று கணினியைப் படுத்துவது பெரும்பாலும் இந்த அரை நொடிதான். ஆனால் யூ.பி.எஸ். வாங்கக் கடைக்குப் போகும் பலருடைய மனதில் இன்னும் 2012 இருக்கிறது. அந்த ஆண்டு சென்னைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரம் அறிவித்த மின்வெட்டு இருந்தது. மற்ற மாவட்டங்களில் 10 மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாத நாட்கள் சர்வசாதாரணம். தெருவுக்குத் தெரு இன்வெர்ட்டர் கடை முளைத்த காலம் அது. ‘எவ்வளவு நேரம் தாங்கும்?’ என்பதே கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வியாக அப்போது ஆனது, இன்றும் மாறவில்லை.

அந்த நிலைமை இப்போது இல்லை. 2024 மே மாதத்தில் மாநிலத்தின் மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியபோதும் பழைய மாதிரி மணிக்கணக்கில் மின்வெட்டு அறிவிக்கும் நிலை வரவில்லை. இப்போது மிச்சமிருப்பவை வேறு வகை. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு நிறுத்துவது, நாளிதழிலேயே முன்கூட்டி வந்துவிடுகிறது. கோடைக்கால இரவில் தெருவெல்லாம் ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறது. மழை தொடங்கியதும் ஃபீடர் ‘ட்ரிப்’ ஆகிறது. லைனை ஒரு ஃபீடரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது ஒரு நொடி இருட்டு. இந்த நான்குக்கும் ஒரே பெட்டி மருந்தாகாது. எதை, எதிலிருந்து, எத்தனை நிமிடம் காப்பாற்ற வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கடைக்குப் போனால் பாதிப் பணம் மிச்சமாகும். சிலர் ஒன்றுமே வாங்க வேண்டியிருக்காது.

மடிக்கணினி வீடுகள்

முதலில் அந்தச் சிலர். வீட்டில் இருப்பது மடிக்கணினி மட்டும்தான் என்றால், கணினிக்கான யூ.பி.எஸ். அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. அதன் அடாப்டரும் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். லோ வோல்டேஜ் அதை ஒன்றும் செய்யாது. அணைந்துபோவது ரூட்டர்தான். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் மீட்டிங்கிலிருந்து காணாமல் போவதும், ஆன்லைன் நேர்காணலில் இருக்கும் பிள்ளையின் முகம் உறைந்து நிற்பதும் இதனால்தான். இதற்காக 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) யூ.பி.எஸ். ஒன்றை வாங்கி ரூட்டரை மட்டும் அதில் மாட்டுகிறார்கள். அது தேவையில்லாத சுற்றுவழி. பேட்டரியின் 12 வோல்ட் நேர்மின்சாரத்தை யூ.பி.எஸ். 230 வோல்ட்டாக உயர்த்த, ரூட்டர் அடாப்டர் அதை மறுபடி 12 வோல்ட்டுக்கு இறக்குகிறது. இரண்டு மாற்றத்திலும் மின்சாரம் வெப்பமாகக் கரைகிறது.

ரூட்டருக்கென்றே உள்ளங்கை அளவில் ‘மினி யூ.பி.எஸ்.’ கிடைக்கிறது. உள்ளே லித்தியம் செல்கள். அடாப்டருக்கும் ரூட்டருக்கும் நடுவில் மாட்டினால் போதும். விலை ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறை ஒட்டி இருக்கும். வீட்டுக் கணினிச் சாதனங்களில் இந்த அளவுக்குப் போட்ட காசுக்குப் பயன் தருவது வேறொன்றும் இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

வாங்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ரூட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது என்பது ஒன்று. 12 வோல்ட் ரூட்டரும் உண்டு, 9 வோல்ட் ரூட்டரும் உண்டு. 9 வோல்ட் சாதனத்தில் 12 வோல்ட்டைச் செருகினால் அதோடு அதன் கதை முடியக்கூடும். இன்னொன்று, பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் மில்லி ஆம்பியர்-மணிக் கணக்கு. 8800 என்று இருந்தால் அது பெரும்பாலும் செல்லின் 3.7 வோல்ட்டில் கணக்கிட்டது, ரூட்டரின் 12 வோல்ட்டில் அல்ல. 8.8-ஐ 3.7-ஆல் பெருக்கினால் சுமார் 32 வாட்-மணி வரும். வோல்டேஜை உயர்த்துவதில் போகும் சேதாரம் போக 28 என்று வையுங்கள். 8 வாட் இழுக்கும் ரூட்டருக்கு மூன்றரை மணி நேரம். 12 வோல்ட்டால் பெருக்கி, நூறு வாட்-மணி என்று யாராவது கணக்குக் காட்டினால் நம்ப வேண்டாம்.

ஃபைபர் இணைப்பு என்றால் இது இன்னும் நன்றாக வேலை செய்யும். நிறுவனத்தின் நிலையத்திலிருந்து உங்கள் வீடு வரை இழை நேராக வந்தால், நடுவில் உள்ள பிரிப்பான்களுக்கு மின்சாரமே வேண்டாம். ஒளி தானாகப் பிரிந்து வருகிறது. அங்கே நிலையத்துக்கு பேட்டரியும் ஜெனரேட்டரும் இருக்கும். இங்கே ரூட்டர் உயிரோடு இருந்தால் ஊரே இருண்டாலும் இணையம் ஓடும். உள்ளூர் கேபிள்காரரின் இணைப்பில் மட்டும் சில இடங்களில் கம்பத்தில் தொங்கும் பெட்டிக்குள் மின்சாரத்தில் ஓடும் சுவிட்ச் இருக்கிறது. தெருவில் கரண்ட் போனால் அதுவும் போய்விடும். வாங்குமுன் அவரிடமே கேட்டுவிடலாம்: “அண்ணே, தெருவுல கரண்ட் போனா உங்க நெட் நிக்குமா, ஓடுமா?”

மேசைக் கணினியும் 16 மில்லி நொடியும்

மேசைக் கணினிக்கு வருவோம். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. கணினிக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கிப் பெட்டியில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் உண்டு. வெளியே மின்சாரம் நின்றாலும், சுமார் 16 மில்லி நொடி வரை அது கணினியைத் தாங்க வேண்டும் என்பது அந்தப் பெட்டிகளுக்கான வடிவமைப்பு வழிகாட்டி. ஒரு சுற்றுக்கும் குறைவான நேரம். மலிவான பெட்டியிலும், வெயிலில் வெந்து பழசான பெட்டியிலும் அதுவும் இருக்காது. ஆகவே கண் சிமிட்டும் நேரம் கணினிக்கு மிக நீண்ட நேரம்.

யூ.பி.எஸ். செய்யும் முதல் வேலை இந்த இடைவெளிக்குள் பேட்டரிக்கு மாறுவது. வீட்டுக்கு விற்கும் சாதாரண யூ.பி.எஸ். 4 முதல் 10 மில்லி நொடிக்குள் மாறிவிடுகிறது. பத்து ஒரு பக்கம், பதினாறு மறுபக்கம். அந்த ஆறு மில்லி நொடி உபரியில்தான் வீட்டு யூ.பி.எஸ். தொழிலே நடக்கிறது. பக்கத்தில் யூ.பி.எஸ். இருந்தும் கணினி அணைந்து எழுகிறது என்றால், யூ.பி.எஸ்.ஸைத் திட்டுமுன் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிப் பார்ப்பது நல்லது.

கடையில் மூன்று வகை சொல்வார்கள். ஆஃப்லைன் என்பது கரண்ட் இருக்கும்வரை அதை அப்படியே கணினிக்குக் கடத்திவிட்டு, போனதும் பேட்டரிக்குத் தாவும். லைன் இன்டராக்டிவ் என்பது கூடவே ஒரு சின்ன ஸ்டெபிலைசரையும் வைத்திருக்கும். ஆன்லைன் என்பது எப்போதும் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, மறுபடி மாறுமின்சாரமாக்கித் தரும். மாறும் நேரம் என்பதே அதற்குக் கிடையாது. ஸ்கேன் சென்டருக்கும் சர்வர் அறைக்கும் ஆன்லைன் வேண்டும். வீட்டுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. விசிறி இரைச்சல் ஒருபுறம் இருக்க, அது நாள் முழுக்க மின்சாரத்தை வெப்பமாக்கிக்கொண்டிருக்கும். 50 வாட் அப்படி வீணானாலே இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில் 72 யூனிட் ஏறிவிடும்.

நம் ஊருக்கு ஏற்றது லைன் இன்டராக்டிவ். ஏன் என்பது கோடை இரவில் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் வோல்டேஜ் 230-லிருந்து 170-க்கு இறங்குகிறது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசி வீடு உங்களுடையது என்றால் இன்னும் கீழே. ஆஃப்லைன் யூ.பி.எஸ். இதை மின்தடை என்றே எடுத்துக்கொண்டு ‘பீப், பீப்’ என்று பேட்டரிக்கு ஓடும். வோல்டேஜ் கொஞ்சம் ஏறினால் திரும்பி வரும், மறுபடி ஓடும். கரண்ட் போகாமலேயே ஒரே கோடையில் பேட்டரி செத்துவிடும். லைன் இன்டராக்டிவ் வகை, பேட்டரியைத் தொடாமல் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்கும். பெட்டியின் பக்கவாட்டில் ‘உள்ளீடு 145 முதல் 290 வோல்ட்’ என்பதுபோல ஓர் அளவு போட்டிருப்பார்கள். கிராமத்திலோ, லைனின் கடைசியிலோ இருப்பவர்கள் வேறெதையும்விட இந்தக் கீழ் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

இந்தத் தொழிலில் நம் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. தமிழ்நாட்டு அலுவலகங்களிலும் வங்கிக் கிளைகளிலும் நெடுங்காலம் கண்ணில் பட்ட ‘நியூமெரிக்’ யூ.பி.எஸ்., 1984-ல் சென்னையில் ஆர். செல்லப்பன் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு. அதன் யூ.பி.எஸ். தொழிலை 2012-ல் பிரான்ஸின் லெக்ராண்ட் வாங்கியது. லோ வோல்டேஜையும் வெயிலையும் தூசியையும் அறிந்து செய்த பெட்டிகளுக்கு இங்கே எப்போதும் ஒரு சந்தை இருந்திருக்கிறது.

பெட்டியின் எண்ணும் உள்ளே இருக்கும் பேட்டரியும்

600 வி.ஏ., 1000 வி.ஏ. என்று பெட்டியில் பெரிதாக இருக்கும் எண் உங்கள் கணினிக்குக் கிடைக்கும் அளவு அல்ல. கிடைப்பது வாட். வீட்டு வகைகளில் 600 வி.ஏ. என்றால் பெரும்பாலும் 360 வாட்தான், 1000 வி.ஏ. என்றால் 600 வாட்தான். இளநீர்க் காயின் எடை ஒன்று, உள்ளே இருக்கும் தண்ணீர் வேறு. வாட் எண் சிறிய எழுத்தில் பின்பக்கம் இருக்கும். அது எங்கேயும் இல்லாத பெட்டியை வாங்காமல் இருப்பதே நல்லது.

அந்த 360 வாட்டும் ‘எவ்வளவு தாங்கும்’ என்று மட்டுமே சொல்கிறது. ‘எவ்வளவு நேரம்’ என்று சொல்வதில்லை. நேரத்தைச் சொல்ல வேண்டியது உள்ளே இருக்கும் பேட்டரி. 600 வி.ஏ. பெட்டிக்குள் பொதுவாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்று இருக்கும். 12-ஐ 7-ஆல் பெருக்கினால் 84 வாட்-மணி. 100 வாட் கணினிக்கு 50 நிமிடம் வரும் என்று காகிதம் சொல்கிறது. நடப்பதோ 15 அல்லது 20 நிமிடம். மிச்சம் எங்கே போகிறது?

அந்த 7 ஆம்பியர்-மணி என்பது 20 மணி நேரம் மெதுவாக உறிஞ்சினால் கிடைக்கும் அளவு. அதாவது ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு வீதம். யூ.பி.எஸ்.ஸோ 10 ஆம்பியருக்கு மேல் பிடுங்குகிறது. அந்த வேகத்தில் ஈயத் தகட்டின் மேற்பரப்பில் மட்டும் வேதிவினை நடக்கிறது. உள்ளே இருப்பது வெளியே வருவதற்குள் வோல்டேஜ் விழுந்து யூ.பி.எஸ். கைவிட்டுவிடுகிறது. பேட்டரியிலிருந்து மாறுமின்சாரமாக்கும்போது ஒரு பங்கு வெப்பமாகவும் போகிறது. இதனால்தான் சுமை இரட்டிப்பானால் நேரம் பாதியாகாமல் அதற்கும் கீழே போகிறது. 100 வாட்டில் 15 நிமிடம் தந்த பெட்டி, 200 வாட்டில் ஐந்தாறு நிமிடம் தரும். 300 வாட்டில் சேமித்து மூடுவதற்கே ஓட வேண்டும்.

ஒரே ஒரு பேட்டரி உள்ள பெட்டியை வாங்குவதற்கும், அதே வி.ஏ.-வில் இரண்டு பேட்டரி உள்ளதை வாங்குவதற்கும் இதனால் பெரிய வேறுபாடு. “சார், இதுல ஒரு பேட்டரியா, ரெண்டா? எத்தனை ஆம்பியர்?” என்று கேட்டுவிடுங்கள். 1000 வி.ஏ. வகைகளில் பலவற்றில் இரண்டு 7 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இருக்கும். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஈயம் பொய் சொல்லாது.

உங்கள் கணினி எத்தனை வாட்? எஸ்.எம்.பி.எஸ். மேல் 450 என்று எழுதியிருப்பது அதனால் தரமுடிந்த உச்ச அளவு. கணினி இழுப்பது அதுவல்ல. கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண மேசைக் கணினியும் 22 அங்குலத் திரையும் சேர்ந்து பெரும்பாலும் 100 வாட்டைச் சுற்றித்தான் இருக்கும். துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் வீட்டு மின்மீட்டரே சொல்லும். அதன் முகப்பில் சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மினுங்கும். ஒரு யூனிட்டுக்கு 3200 மினுங்கல் என்பதுபோல ஓர் எண் பக்கத்தில் அச்சாகியிருக்கும். ஃப்ரிட்ஜ், விசிறி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கணினியை மட்டும் ஓடவிட்டு, ஐந்து நிமிடத்தில் எத்தனை முறை மினுங்குகிறது என்று எண்ணுங்கள். 3200 மீட்டர் என்றால் அந்த எண்ணிக்கையை 3.75-ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். 27 முறை மினுங்கினால் சுமார் 100 வாட். மீட்டரில் 1600 என்றிருந்தால் 7.5-ஆல் பெருக்க வேண்டும். விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ செய்கிறவர்கள் அது முழுவீச்சில் ஓடும்போது எண்ண வேண்டும். சும்மா இருக்கும்போது 80 காட்டும் கணினி, கேம் ஓடினால் 450-க்குப் போகலாம். கிடைத்த எண், யூ.பி.எஸ்.ஸின் வாட் அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கேமிங் கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்டம் உண்டு. விலை குறைந்த யூ.பி.எஸ்.கள் பேட்டரியில் ஓடும்போது தருவது சைன் அலை அல்ல, படிப்படியாக வெட்டிய அலை. சாதாரணக் கணினி அதில் நன்றாகவே ஓடும். ‘80 பிளஸ்’ முத்திரை உள்ள நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களில் உள்ளீட்டு மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று ஒன்று இருக்கும். அதிகச் சுமையில் வெட்டிய அலை கிடைத்தால் அவற்றில் சில சட்டென்று அணைந்துவிடுகின்றன, இல்லாவிட்டால் யூ.பி.எஸ். ஓவர்லோடு என்று கத்துகிறது. 200 வாட்டுக்குக் கீழே இதற்காகக் கூடுதல் பணம் செலவழிக்கத் தேவையில்லை. அதற்கு மேல் போனால் பியூர் சைன்வேவ் என்று குறிப்பிட்டுக் கேட்டு வாங்குவதே சரி.

இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில்

“வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கே, அப்புறம் எதுக்கு யூ.பி.எஸ்.?” என்பது நியாயமான கேள்வி. 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியில் 1800 வாட்-மணி இருக்கிறது, சின்ன யூ.பி.எஸ்.ஸின் 84-ஐப் போல இருபது மடங்குக்கும் மேல். சேதாரமெல்லாம் போனாலும் கணினி ஒன்றுக்கு மட்டும் என்றால் காலை 9 மணிப் பராமரிப்பு நிறுத்தத்தைத் தாண்டி மாலை வரை ஓட்டும். குறை நேரத்தில் இல்லை, மாறும் வேகத்தில்தான்.

பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. ஒருபக்கம் ‘நார்மல்’, மறுபக்கம் ‘யூ.பி.எஸ்.’ பொருத்த வந்தவர் நார்மலில் வைத்துவிட்டுப் போயிருப்பார். அதில் மாறுவதற்கு 40 மில்லி நொடி வரை ஆகலாம். விளக்குக்கும் விசிறிக்கும் அது பொருட்டல்ல. கணினிக்கு அது மரணம். யூ.பி.எஸ். பக்கம் தள்ளினால் 10 மில்லி நொடி அளவில் மாறும். பல வீடுகளில் கணினிக்கென்று தனிப் பெட்டி வாங்காமலேயே பிரச்னை இங்கே தீர்ந்துவிடுகிறது.

ஆனால் அந்த சுவிட்ச் இன்னொன்றையும் மாற்றுகிறது. நார்மலில் இன்வெர்ட்டர் 100 முதல் 290 வோல்ட் வரை லைன் கரண்ட்டை ஏற்றுக்கொள்ளும். யூ.பி.எஸ். நிலையில் 180 முதல் 260 வரைதான் ஏற்கும். லோ வோல்டேஜ் தெருவில் இருப்பவர்கள் அந்த சுவிட்சைத் தள்ளினால், சாயங்காலம் முழுக்க கரண்ட் இருந்தும் வீடு பேட்டரியில் ஓடும். நள்ளிரவில் கரண்ட் நிஜமாகவே போகும்போது பேட்டரியில் ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் இன்வெர்ட்டரை நார்மலில் விட்டு, அந்த லைனில் கணினிக்கு மட்டும் ஒரு 600 வி.ஏ. யூ.பி.எஸ். வைப்பதுதான் சரி. மாறும் நொடியைச் சின்னது தாங்கும், மணி நேரத்தைப் பெரியது தாங்கும். நிபந்தனை ஒன்று: இன்வெர்ட்டர் சைன்வேவ் வகையாக இருக்க வேண்டும். ஸ்கொயர்வேவ் இன்வெர்ட்டர் தரும் மின்சாரத்தைச் சின்ன யூ.பி.எஸ். பல நேரம் கரண்ட் என்றே ஒத்துக்கொள்வதில்லை. அது பேட்டரியிலேயே ஓடி, கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை என்று சந்தேகமிருந்தால், கரண்ட் போனபின் விசிறியைக் கவனியுங்கள். உறுமினால் ஸ்கொயர்வேவ்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் ஜெனரேட்டர் இருந்தால் வேறு கதை. அது எழுந்து லைனுக்கு வர பத்து இருபது நொடி ஆகும். அந்த இடைவெளிக்கு எந்தச் சின்ன யூ.பி.எஸ்.ஸும் போதும். பழைய ஜெனரேட்டரின் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றில் நிலையாக நிற்காமல் ஏறி இறங்கினால் யூ.பி.எஸ். அதை ஏற்காமல் அடம்பிடிக்கும். சில யூ.பி.எஸ்.களில் உணர்திறனைக் குறைத்து வைக்க வசதி உண்டு. ஜெனரேட்டர் வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

சிசிடிவி பதிவுப் பெட்டி, வீட்டு ஆவணங்களையும் புகைப்படங்களையும் சேமிக்கும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி ஆகியவை இரவும் பகலும் வன்தட்டில் எழுதிக்கொண்டே இருப்பவை. எழுதும் நடுவில் மின்சாரம் அறுந்தால் கோப்பு சிதையும். இவற்றுக்கு நேரத்தைவிட முக்கியம், யூ.பி.எஸ்.ஸில் யூ.எஸ்.பி. தொடர்பு இருப்பது. பேட்டரி தீரப்போகிறது என்று யூ.பி.எஸ். அந்தக் கம்பி வழியே சொல்ல, சேமிப்புப் பெட்டி தானாகவே ஒழுங்காக மூடிக்கொள்ளும். விண்டோஸ் கணினியில் இந்த வகை யூ.பி.எஸ்.ஸை மாட்டினால் பெரும்பாலும் மடிக்கணினி போலவே பேட்டரி அடையாளம் தெரியும். லினக்ஸ்காரர்களுக்கு ‘நெட்வொர்க் யூ.பி.எஸ். டூல்ஸ்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வீட்டில் யாரும் இல்லாதபோது காப்பாற்றுவது இந்தக் கம்பிதான், ஆனால் பலரும் அதைப் பெட்டியிலிருந்து எடுப்பதே இல்லை.

யூ.பி.எஸ். காப்பாற்றாதவை

லேசர் பிரிண்டரை யூ.பி.எஸ்.ஸில் மாட்டவே கூடாது. தாளில் மையைச் சுட்டு ஒட்டும் அதன் உருளை சூடேறும்போது ஆயிரம் வாட்டை ஒட்டி இழுக்கும். பேட்டரி இல்லாமல் சர்ஜ் பாதுகாப்பு மட்டும் தரும் துளை சில யூ.பி.எஸ்.களில் தனியாக இருக்கும். இல்லையென்றால் நேராகச் சுவரில் மாட்டிவிடுங்கள். ஸ்பீக்கர், டேபிள் ஃபேன், செல்போன் சார்ஜர் என்று ஜங்ஷன் பாக்ஸ் போட்டு அதில் கோத்துக்கொண்டே போவதும் வேண்டாம்.

எர்த் இல்லாத வீட்டில் எந்த யூ.பி.எஸ்.ஸும் முழுமையாக வேலை செய்யாது. கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள இரைச்சல் வடிகட்டி, எர்த்துக்கு அனுப்ப வேண்டிய சிறு கசிவை அனுப்ப இடமில்லாமல் கேபினட்டில் வைத்திருக்கிறது என்று அர்த்தம். மூன்றாவது பின்னை உடைத்தோ, இரண்டு பின் அடாப்டர் போட்டோ மாட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் எர்த் குழியே காய்ந்து போயிருக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. யூ.பி.எஸ். வாங்கும் பணம் கையில் இருந்து, எர்த் இல்லையென்றால், முதலில் எர்த் போடச் சொல்வேன். மனித உயிருக்கும் அதுதான் காப்பு.

நியூட்ரல் அறுந்து போவது அடுத்த ஆபத்து. கம்பத்தில் நியூட்ரல் கம்பி விட்டுப்போனால், பக்கத்து வீட்டுச் சுமையைப் பொறுத்து உங்கள் வீட்டு வோல்டேஜ் 400-ஐ நெருங்கிவிடும். ஒரு தெருவின் டி.வி.களும் ஃப்ரிட்ஜ்களும் ஒரே நேரத்தில் புகைவது இப்படித்தான். யூ.பி.எஸ்.ஸும் அதோடு எரியும். மெயின் பாக்ஸில் வோல்டேஜ் மிகும்போது தானாகத் துண்டிக்கும் கருவியை எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் பொருத்தலாம். இடி மின்னலுக்கோ, பிளக்கைப் பிடுங்கி வைப்பதைவிட நல்ல வழி இன்றும் இல்லை. தெருவிலிருந்து செம்புக் கம்பியில் வரும் லேன், கேபிள் இணைப்புகளையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின் டெல்டா கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அந்த மாதிரி நாட்களுக்கு யூ.பி.எஸ். பதில் அல்ல.

சில மெக்கானிக்குகள் சொல்லும் ஒரு யோசனையை மட்டும் ஏற்க வேண்டாம். சின்ன யூ.பி.எஸ்.ஸைத் திறந்து, வயரை வெளியே இழுத்து, கார் பேட்டரியை மாட்டினால் மூன்று மணி நேரம் வரும் என்பார்கள். வரும். ஆனால் அந்த யூ.பி.எஸ்.ஸின் டிரான்ஸ்ஃபார்மரும் வெப்பத்தகடும் பதினைந்து நிமிட வேலைக்காகச் செய்தவை. தொடர்ந்து மணிக்கணக்கில் ஓடினால் சூடேறித் தீப்பிடிக்கலாம். அதன் சார்ஜரோ 7 ஆம்பியர்-மணி பேட்டரிக்கானது. கார் பேட்டரியை ஒருநாளும் முழுதாக நிரப்பாது. மூடிய படுக்கையறையில் கார் பேட்டரி விடும் ஹைட்ரஜன் வாயு வேறு.

கடையில், பிறகு வீட்டில்

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும் பெட்டியில் பி.ஐ.எஸ். பதிவு முத்திரையும் ஐ.எஸ். 16242 என்ற தர எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வீட்டு யூ.பி.எஸ்.களுக்கு இது கட்டாயம். தயாரித்த மாதத்தையும் பார்க்க வேண்டும். ஈய-அமில பேட்டரி கடை அலமாரியில் சும்மா இருந்தாலே வடிந்து, தகட்டில் சல்பேட் படிந்து கெடும். ஓராண்டுக்கு மேல் கிடந்த சரக்கு தள்ளுபடியில் வந்தால் தள்ளுபடி எதற்கு என்று புரிந்துகொள்ளலாம். வாரண்டியில் பேட்டரிக்குத் தனி வரி இருக்கும். பெட்டிக்கு எத்தனை ஆண்டு என்பதைவிட அதற்கு எத்தனை மாதம் என்பதைக் கேட்க வேண்டும். பேட்டரியைக் கழற்ற அடியில் தனி மூடி உள்ள வகை என்றால் இன்னும் நல்லது. நாளைக்கு மாற்றும்போது சர்வீஸ் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் கணினியை உடனே மாட்டாமல் ஏழெட்டு மணி நேரம் சார்ஜ் ஏறவிட வேண்டும். வைக்கும் இடம் முக்கியம். இந்த பேட்டரிகளின் ஆயுள் 25 டிகிரி வெப்பத்தில் கணக்கிட்டது. அதற்குமேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்கள் நம்பிப் பின்பற்றும் கணக்கு. மொட்டைமாடிக்குக் கீழ் அறையில், மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டி, சி.பி.யூ. விடும் வெப்பக்காற்றில் வைத்தால், ஐந்தாண்டு வரவேண்டிய பேட்டரி இரண்டில் போய்விடும். கீழே, காற்றோட்டமாக, வெயில் விழாத பக்கம் வையுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்து எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். யூ.பி.எஸ்.ஸின் மேல் அந்த நிமிடத்தையும் தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிட்டால் சரிவு கண்ணுக்குத் தெரியும். புதிதில் தந்ததில் பாதிக்குக் கீழே போனால் பேட்டரியை மாற்றும் நேரம். யூ.பி.எஸ்.ஸையே தூக்கிப்போட வேண்டாம். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. மாற்றும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, சிவப்பு வயர் எந்தப் பக்கம் இருந்தது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேட்டரி உள்ள பெட்டியில் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையது ஒன்று இருந்தால் புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். பேட்டரியின் பக்கம் உப்பியிருந்தால் பரிசோதனையே வேண்டாம், அன்றே கழற்றிவிடுங்கள்.

கழற்றிய பேட்டரியை மாநகராட்சிக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், சாலையோரம் உருக்கி ஈயம் எடுப்பவரிடமும் கொடுக்காதீர்கள். அதில் பாதிக்கு மேல் ஈயம். உருக்கும்போது எழும் புகை முதலில் சேதப்படுத்துவது பக்கத்தில் விளையாடும் குழந்தைகளின் மூளையை. பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், 2022-ன்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். ஈயத்துக்கு விலை உண்டு என்பதால் பில்லில் அதற்கு ஒரு தொகையும் கழித்துக்கொள்வார்கள்.